மாப்பிள்ளையின் காலை நான் உடைத்த கதை

நான் ஒரு மனிதனின் காலை உடைத்திருக்கிறேன்.

அவன் ஆறரை அடி உயரம். தோள் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக் காஸ் சிலிண்டர் அளவு இருக்கும். அவன் இருந்தது அமெரிக்காவில். நான் இருந்தது இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில், மடியில் இரண்டு மாதக் குழந்தையோடு. அவன் என்னை ஒரு நாளும் பார்த்ததில்லை. தன் கால் உடைந்த விஷயம் இன்றுவரை அவனுக்குத் தெரியாது. எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். (மறக்கவும் மாட்டோம் என்கிறார்கள்.)

இது நடந்து ஆறு வருடமாகிறது. நான் ஹட்டன் டவுனில் வளர்ந்து, கல்வியியற் கல்லூரியில் படித்து ஆசிரியையானவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது லயத்துப் பெண்கள் என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். மரியாதைதான். ஆனால் மலை ஊற்று விழும் பீலிக்கு நான் தண்ணீர் பிடிக்கப் போனால், அதுவரை கலகலவென்று கேட்ட பேச்சு வகுப்பறைக்குள் ஆசிரியை நுழைந்ததுபோல் நின்றுவிடும். குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பி நடந்தால் முதுகுக்குப் பின்னால் மறுபடி ஆரம்பமாகும்.

பிரசவ லீவில் வீட்டில் உட்கார்ந்தபோது இந்த மௌனம் எனக்குப் பயமாகவே ஆகிவிட்டது. கணவர் காலை பஸ்ஸில் நோர்வூட்டுக்கு வேலைக்குப் போய்விடுவார். குழந்தைக்கு விக்கல் வந்தால் யாரிடம் கேட்பது? கேட்டால், படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று நினைப்பார்களோ? கேட்காவிட்டால், பெருமை பிடித்தவள் என்று நினைப்பார்களோ? இரண்டு பக்கமும் யோசித்து முடிப்பதற்குள் விக்கல் தானாகவே நின்றிருக்கும்.

என்னைக் காப்பாற்றியது ரெஸ்லிங்.

அப்பா எனக்குச் சீதனமாக ஒரு பெரிய டிவியும் டிஷ்ஷும் கொடுத்திருந்தார். ரெஸ்லிங் வரும் சேனல் எங்கள் லயத்தில் அந்த டிவியில் மட்டும்தான் தெரிந்தது. முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் சேனல் ஒன்று காட்டிக்கொண்டிருந்ததாம். ஒரு மாதத்துக்கு முன் அது நின்றுபோனதிலிருந்து பெண்கள் தவித்துப்போயிருந்தார்கள். (ஆமாம், பெண்கள்தான். எங்கள் லயத்து ஆண்களுக்கு கிரிக்கெட் போதும்.) ஆனால் அமெரிக்காவில் திங்கள் இரவு நடப்பது நமக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் வருகிறது. அது சரியாகப் பெரட்டு நேரம். பெரட்டில் போய் நின்று பெயர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. புதன்கிழமை பகலில் திரும்பப் போடுவார்கள். அப்போதும் எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை மாலை, பக்கத்து வீட்டிலிருந்து செல்வமணி அண்ணி வந்தார். என் கணவரின் அக்கா. இருபது வருடமாகக் கொழுந்து எடுப்பவர்.

"வாணி, நீ வீட்ல சும்மாதானே இருக்க?"

(இரண்டு மாதக் குழந்தையை வைத்திருப்பவளிடம் இதைக் கேட்கிற தைரியம் அண்ணி ஒருவருக்குத்தான் உண்டு.)

"ஆமாங்க அண்ணி."

"அப்ப நாளைக்குக் காலையில ரெஸ்லிங் பாத்து வச்சுக்க. பகலைக்கு நாங்க சாப்பிட வர்றப்ப சொல்லு."

எனக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும். கொப்பி, பேனை, சிவப்புப் பேனை எல்லாம் எடுத்துவைத்தேன். குழந்தையின் கண்ணுக்கு டிவி வெளிச்சம் ஆகாது என்று அவளை டிவிக்கு முதுகு காட்டித் தோளில் போட்டுக்கொண்டேன். அப்புறம் சத்தம் காதுக்கு ஆகாதோ என்று சத்தத்தைக் குறைத்தேன். எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கூட்டினேன். இப்படியே மூன்று மணி நேரம் பார்த்து ஒன்பது பக்கம் எழுதினேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் ரொட்டியும் சம்பலுமாக வந்து உட்கார்ந்தார்கள். வீட்டு முகப்பில் அவ்வளவு பேரை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதல் வாக்கியத்தைச் சொன்னேன்.

"மாப்பிள்ளை ஜெயிச்சிட்டாரு."

கடைசி வீட்டுப் புஷ்பம் அக்காவின் கையில் ரொட்டி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"முடிஞ்சிருச்சா டீச்சர்?" என்றார். "அப்ப நாங்க மலைக்குப் போகட்டா?"

எல்லாரும் போனபின் அண்ணி மட்டும் கை கழுவிக்கொண்டே சொன்னார். "ஜெயிச்சான்னு சொல்லாத புள்ள. ஜெயிப்பானான்னு சொல்லு."

ஆசிரியப் பயிற்சியில் மூன்று வருடம் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

மாப்பிள்ளை என்பது அவர்கள் வைத்த பெயர், அண்ணி சொல்லித் தந்தது. அவன் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, மேலேயிருந்து பூ கொட்ட, மாப்பிள்ளை அழைப்புக்கு வருவதுபோல் வருவான். அவனுடைய எதிரிக்கு லொறி என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. லொறியை ஏவிவிடுகிற கோட்டுச் சூட்டுக்காரன் கண்டாக்கு. தோட்டத்தில் மலைமலையாக வந்து வேலையில் குறை பிடிக்கிற அதிகாரியைத்தான் கண்டாக்கு என்போம். இவனும் தன் கையால் ஒருவரையும் அடிக்க மாட்டான், நோட்டுப் புத்தகத்தில் மட்டும் எழுதுவான். நாலாவதாக ஒருத்தன் இருந்தான். ஒவ்வொரு வாரமும் வாசலில் வந்து நிற்பான். ஒரு வார்த்தை பேசாமல் மேடையைப் பார்ப்பான். போய்விடுவான். இரண்டு மாதமாக அதுதான் அவன் வேலை. அவன் பெயர் 'சும்மா நிக்கிறவன்'. அவனுக்குத்தான் எங்கள் லயத்தில் மவுசு அதிகம்.

ஒருநாள் என் படிப்பறிவைக் காட்ட நினைத்து, "இதெல்லாம் முன்னாடியே பேசி வச்சு நடத்துறதுதானே அண்ணி?" என்று கேட்டேன்.

மழை ஈரமாக இருக்கிறது என்று நான் கண்டுபிடித்துச் சொன்னதுபோல் அண்ணி பார்த்தார்.

"பின்ன? பேசி வைக்காம அவ்வளவு பெரிய ஆளுகளை விட்டா செத்துல போவாங்க? யாரு எப்ப ஜெயிக்கணும், யாரை எப்ப கொண்டாரணும்னு உக்காந்து யோசிக்கிறான் பாரு, அவன்தான் கெட்டிக்காரன். நான் அவனைத்தான் பாக்குறேன்."

அந்தக் கெட்டிக்காரனை அண்ணி புரிந்துவைத்திருந்த விதம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது. ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் அதே மலைக்குத் திரும்பி வர வேண்டுமாம். முந்தி வந்தால் கையில் ஒன்றும் வராது. பிந்தி வந்தால் இலை முத்திப்போகும். ரெஸ்லிங் ஆட்களும் அப்படித்தானாம். மாப்பிள்ளையை இந்த வாரம் எடுத்தால் அடுத்த வாரம் விட்டுவிட்டு லொறியை எடுக்க வேண்டும். சும்மா நிக்கிறவன் இன்னும் துளிரே விடவில்லை, அவனைத் தொடக் கூடாது. "எந்தச் செடியை எப்ப விடணும்னு தெரிஞ்சவன் புள்ள அவன்" என்பார், முகம் தெரியாத அந்த அமெரிக்க எழுத்தாளனைப் பற்றி.

நானும் கற்றுக்கொண்டேன். மூன்றாவது செவ்வாயில், மாப்பிள்ளை கயிற்றில் ஏறுகிற இடத்தில் நிறுத்தி, குழந்தைக்கு ஏப்பம் விட வைத்துவிட்டுத் தொடர்ந்தேன். "ஐயோ டீச்சர், சீக்கிரம்!" என்று கத்தினார்கள். குழந்தை கைக்குக் கை மாறிப் போனாள். விக்கலுக்கு என்ன செய்வதென்று நான் கேட்காமலே மூன்று பேர் சொன்னார்கள். பீலியில் இப்போது நான் போனால் பேச்சு நிற்பதில்லை. "எங்க டீச்சர் வந்துட்டாங்க" என்று குடத்தை நகர்த்தி இடம் விட்டார்கள். அந்த 'எங்க'வுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்தேன்.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை, டிவிக்கு முன்னால் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். மாப்பிள்ளைக்கும் லொறிக்கும் சாம்பியன் பெல்ட்டுக்கான பெரிய போட்டி அன்றுதான். கண் விழித்தபோது டிவியில் யாரோ சமையல் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார்கள். கொப்பியில் திகதி மட்டும் இருந்தது. அதன் கீழே சிவப்பில் அடிக்கோடு.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "தூங்கிட்டேங்க" என்றால் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு ஒரு டசின் முகங்கள் என்னைப் பார்த்தபோது, அந்தப் பழைய பீலி மௌனம் மட்டும்தான் என் காதில் கேட்டது.

"மாப்பிள்ளைக்கு..." என்று இழுத்தேன். கால் முறிந்துவிட்டால் அவன் சில வாரம் வர வேண்டியதில்லை, நான் ஞாபகம் வைக்க வேண்டியதும் குறையும் என்று மூளை ஒரு கணக்குப் போட்டது. "மாப்பிள்ளைக்குக் கால் முறிஞ்சிருச்சு."

புஷ்பம் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எந்தக் காலு?"

"வலது." (ஆசிரியை அல்லவா, விவரமாகச் சொன்னேன்.)

மறுநாள் பகல் திரும்பப் போட்டபோது பார்த்தேன். மாப்பிள்ளை இரண்டு காலாலும் லொறியின் நெஞ்சில் பாய்ந்து பெல்ட்டை வென்று, அந்தக் கால்களாலேயே ஆடினான்.

இனித் திருத்த முடியாது. அதற்குள் புஷ்பம் அக்கா, தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் காவலிருக்கும் ரோதமுனிக்கு நேர்ந்துகொண்டுவிட்டார்: மாப்பிள்ளையின் கால் சரியானால் பொங்கல் வைப்பதாக. அதுவரை வெள்ளிக்கிழமைகளில் விரதம்.

ஆகவே நான் எழுத ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில், பாடக்குறிப்பாக. 'நோக்கம்: கண்டாக்கு மீது வெறுப்பை வளர்த்தல். செயற்பாடு: ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் மாப்பிள்ளையைக் கண்டாக்கு போய்ப் பார்த்து, பழம் கொடுத்து, அந்தப் பழத்தைத் தானே சாப்பிட்டுவிட்டு வருதல். கணிப்பீடு: சபையோர் திட்டுகிறார்களா?'

திட்டினார்கள். கண்டாக்கின் பரம்பரையையே திட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அடுத்த வாரம் லொறிக்கு மனச்சாட்சி உறுத்தியது. அறைக்கு வெளியே கதவோரம் நின்றுவிட்டு உள்ளே வராமலே போனான். அண்ணி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "உள்ள வரலையா?" என்றார்.

"வரலைங்க அண்ணி."

"நல்லா வச்சிருக்கான்" என்று தலையாட்டினார். யாரோ அமெரிக்காக்காரனுக்குப் போன பாராட்டை நான் திருட்டுத்தனமாக வாங்கிக்கொண்டேன்.

நாலாவது வாரக் கதையை நான் ஆரம்பிப்பதற்கு முன், அண்ணி சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னார்.

"அடுத்த செவ்வா போயா, பௌர்ணமி லீவுடி எல்லாருக்கும். பெரட்டு இல்ல. வாணி வீட்டுக்கே வந்து நேர்ல பாத்துருவோம்."

கை தட்டினார்கள். உண்மையில் மாப்பிள்ளை பெல்ட்டோடு திரிகிறான், லொறி அவனுக்கு நண்பனாகிவிட்டான். என் கதையில் ஒருவன் கட்டிலில், மற்றவன் கதவோரத்தில். எழுதி வைத்திருந்த பாடக்குறிப்பை மூடினேன். அடுத்த அரை மணி நேரத்தில் என்ன சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. மாப்பிள்ளையின் கால் சரியானது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மேடைக்கு வந்தான். லொறி அழுது மன்னிப்புக் கேட்டான். கண்டாக்குக்கு வேலை போனது. பெல்ட் மாப்பிள்ளைக்குக் கிடைத்தது. இத்தனையையும் சேர்த்துவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டதால், சும்மா நிக்கிறவனை மேடைக்கே ஏற்றி, மைக்கைக் கொடுத்துப் பேசவும் வைத்துவிட்டேன்.

யாரும் கை தட்டவில்லை.

"எல்லாம் ஒரே நாள்லயா?" என்றார் அண்ணி.

அந்த ஒரு வாரம் நான் மின்வெட்டுக்காக வேண்டினேன். கிடைக்கவில்லை. போயா அன்று விடியும்போதே பனிக்குள் வெளியே போய், டிஷ்ஷை ஒரு சாண் திருப்பிவிட்டு வந்தேன். ஆறு மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. முறுக்கு, பிளேன்டீ, பாய். டிவியில் வெறும் நீலம்.

"ஐயோ, சிக்னல் இல்லைங்களே," என்றேன் மிகுந்த வருத்தத்தோடு.

அண்ணி எழுந்து வெளியே போனார். ஒரு நிமிடத்தில் படம் வந்தது. திரும்பி வந்தவர் என் ஈரச் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காத்துக்குத் திரும்பிருக்கு போல. போயா அன்னிக்கு மட்டும் அடிக்கிற காத்து."

முதலில் சும்மா நிக்கிறவன் வந்தான். வாசலில் நின்றான். ஒரு வார்த்தை பேசாமல் மேடையைப் பார்த்தான். போய்விட்டான்.

"போன வாரம் பேசினானே?" என்றாள் ஒருத்தி.

"தொண்டை கட்டியிருக்கும்," என்றேன்.

அப்புறம் கண்டாக்கு வந்தான், அதே கோட்டு, அதே நோட்டுப் புத்தகம். "வேலையைத் திரும்பக் கேட்டு வாங்கிட்டான் போல" என்று நான் முனகினேன். மாப்பிள்ளை பெல்ட்டோடு வந்தான். லொறி அவன் தோளில் கை போட்டான். என் கணக்கு சரியாக வந்துவிட்டது என்று மூச்சு விட்டேன்.

அப்போதுதான், இத்தனை வாரம் பார்த்தும் நான் மறந்துபோன ஒன்று நடந்தது. பெரிய போட்டிக்கு முன் அவர்கள் பழைய வாரங்களைத் திரும்பக் காட்டுவார்கள். இசை எழுந்தது. படத்தின் மூலையில் நாலு வாரத்துக்கு முன் என்று ஆங்கிலத்தில் எழுத்து விழுந்தது. அந்த '4' எல்லாருக்கும் புரிந்தது. மாப்பிள்ளை வலது காலை முன்னே நீட்டிப் பறந்து லொறியின் நெஞ்சில் இறங்கினான். பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு ஆடினான். போதாதென்று அதையே மெதுவாக இன்னொரு முறை காட்டினார்கள், காலை மட்டும் பெரிதாக.

பீலி மௌனம் என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

"அப்ப கால் முறியவே இல்லியா?" என்றார் புஷ்பம் அக்கா மெதுவாக.

"இல்லக்கா."

"ஒரு நாள்கூட?"

"இல்ல."

"நாலு வெள்ளிக்கெழம நான் கருவாடு திங்கலடி."

நான் அழுதுவிட்டேன். தூங்கிப்போனது, பயந்தது, எழுதியது எல்லாவற்றையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொட்டினேன். கொப்பியைக்கூட எடுத்துக் கொடுத்தேன். அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப் பழத்தை அவனே தின்னது, நீ எழுதினதா?"

"ஆமாங்க அண்ணி."

"லொறி உள்ள வராம போனது?"

"ஆமாங்க."

கொப்பியை மூடினார். தீர்ப்புக்காகக் காத்திருந்தேன்.

"மொத மூணு வாரம் நல்லா இருந்துச்சு. போன வாரந்தான் கெடுத்துட்ட. அப்பவே எனக்குச் சந்தேகம், அந்த அமெரிக்காக்காரன் இவ்வளவு அவசரப்பட மாட்டானேன்னு." குரல் உயர்ந்தது. உண்மையாகவே கோபம். "கால் முறிஞ்சா முறிஞ்சிட்டுப் போகுது. சும்மா நிக்கிறவனை ஏன் புள்ள பேச வச்ச?"

அவ்வளவுதான். வீடே பிடித்துக்கொண்டது. "கண்டாக்கு வேலையைப் பறிச்சிட்டியே, அவன் இல்லாட்டி யாரைத் திட்டுறது?" "லொறியை அழ வச்சது சரி. ஆனா மாப்பிள்ளை ஒடனே மன்னிக்கலாமா? ரெண்டு வாரம் இழுத்திருக்க வேணாமா?" ஆளாளுக்கு என் கதையைப் பிரித்துப் போட்டார்கள். நான் பொய் சொன்னேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. மோசமாக எழுதினேன் என்றுதான் சொன்னார்கள். டிவியை யாரும் பார்க்கவில்லை.

கடைசிப் போட்டிக்கு மட்டும் எல்லாரும் திரும்பினோம். அன்று மாப்பிள்ளை ஜெயிக்கவுமில்லை, தோற்கவுமில்லை. ஜெயிக்கப்போகிற நேரத்தில் சும்மா நிக்கிறவன் வாசலிலிருந்து ஓர் அடி முன்னே வைத்தான். ஒரே ஓர் அடி. வீடு அலறியது, என் மகளும் சேர்ந்து அலறினாள். அரை மணி நேரத்தில் ஒரு டசின் அதிசயம் செய்து நான் வாங்காத சத்தத்தை, முகம் தெரியாத அந்த எழுத்தாளன் மூன்று மாதம் பொறுத்திருந்து, ஓர் அடியில் வாங்கிவிட்டான். அன்றிலிருந்து அவனை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

கிளம்பும்போது புஷ்பம் அக்கா வாசலில் நின்றார்.

"பொங்கல் எப்ப வைக்கிறது டீச்சர்?"

"எதுக்குக்கா? கால்தான் முறியலையே?"

"கால் சரியானா வைக்கிறேன்னுதானே நேந்தேன்? காலைத்தான் இப்பப் பாத்தோமே, நல்லாத்தானே இருக்கு. முனி குடுத்தாச்சு, நம்ம வைக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "விரதம் நான் இருந்துட்டேன். பானையை நீ தூக்கு."

தூக்கினேன். ஒரு கையில் குழந்தை, தலையில் பானை. ஒவ்வொரு வருடமும் இன்றுவரை தூக்குகிறேன். ரோதமுனிக்கு ஏன் பொங்கல் வைக்கிறோம் என்று புதிதாக வாக்கப்பட்டு வருகிற பெண்கள் கேட்டால், "டீச்சர் ஒருத்தன் காலை ஒடச்சிட்டாங்க, அதுக்கு" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போய்விடுகிறார்கள். மிச்சத்தை நான்தான் சொல்ல வேண்டும். முடிவை முதலில் சொல்வதில்லை. பீலியில் என்னைக் கண்டால் பேச்சு நிற்பதில்லை. "டீச்சர், காலு எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பமாகிறது.

வீட்டில் அது வேறு மாதிரி நிலைத்துவிட்டது. நான் எதைச் சொன்னாலும், பஸ் வரவில்லை என்றாலும் பால் பொங்கிவிட்டது என்றாலும், கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "பாத்ததா, எழுதினதா?" என்று கேட்பார்.

போன வாரம் என் மகள், இப்போது முதலாம் வகுப்பு, பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைத் தூர எறிந்தாள். இஸ்தோப்பில் நானும் அண்ணியும் உட்கார்ந்திருந்தோம். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டேன். அவள் கண்ணிமைக்காமல் சொன்னாள்: "இன்னிக்கு இல்லம்மா. டீச்சருக்குக் கால் முறிஞ்சிருச்சு."

அண்ணி தன் தலைத்துண்டை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சரி," என்றார். "எத்தனை வாரத்துக்குடி?"